தாளமும் தாவலும்

நுழையும்முன்

உடைந்த ஓடு கிடைத்தால் அது சில்லு. வெறுந்தரை கிடைத்தால் அது ஆட்டக்களம் என்று சிறார் ஆடிய தெருக்கள் தமிழ்நாட்டில் பல. இன்று அக்கட்டங்கள் திறன்பேசியின் திரைக்குள்ளும் வரையப்படுகின்றன. பாட்டின் அடிக்கு அடி தாவிச் செல்லும் காணொளி விளையாட்டு எவ்வாறு இயங்குகிறது, அதனை ஆடுபவரின் காதும் கண்ணும் விரலும் என்ன செய்கின்றன, நம் யாப்பும் தாளமும் அதனோடு எங்கே உறவு கொள்கின்றன என்பவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

ஓட்டுச் சில்லு

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் மங்கலம்பேட்டை. திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் உடைய விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலால் அறியப்படுகிறது. குழம்பாகக் கரைத்த களிமண்ணை அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, பொம்மைகளும் அகல்களும் மின்காப்புப் பொருள்களும் அங்கே செய்யப்படுகின்றன. சுட்ட மண் உடையாமல் இராது. உடைந்தது கூரை ஓடானாலும் பானை ஓடானாலும் பீங்கான் துண்டானாலும், விளிம்பைக் கல்லில் தேய்த்து வட்டமாக்கிவிட்டால் அது பாண்டி ஆட்டத்திற்கு உரிய சில்லாகிவிடும்.

பாண்டியை அறியாதார் இலர். தரையில் கட்டங்கள் வரைந்து, சில்லை ஒரு கட்டத்துள் எறிந்து, அக்கட்டத்தை மிதிக்காமல் ஒற்றைக் காலால் நொண்டித் தாண்டிச் சென்று திரும்புவது அதன் அடிப்படை. கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று. சில்லு கோட்டின்மேல் விழுந்தாலும் போயிற்று. எல்லாக் கட்டங்களையும் முடித்தவர் ஒரு கட்டத்தைத் தமக்கென உரிமையாக்கிக் கொள்வார். பின்னர் மற்றவர்கள் அக்கட்டத்தைத் தாண்டியே செல்ல வேண்டும். ஆட்டம் வளர வளரக் கால் வைக்கும் இடம் குறைந்துகொண்டே வரும். திறன் கூடியவருக்கே இடர்ப்பாடும் கூடும் என்னும் இவ்வமைப்பை எந்த வடிவமைப்பாளரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. தெருச் சிறார் தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடித் திருத்தியது அது.

இதன் தொன்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வேப்பமர நிழலில் அரங்கு கீறிச் சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடும் காட்சியை நற்றிணையின் மூன்றாம் பாடலில் இளங்கீரனார் காட்டுகிறார். கீழடி அகழாய்வில் வட்டமாகத் தேய்க்கப்பட்ட பானையோட்டுச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு தனிநூலே எழுதினார்.

நம் ஆட்டங்களிற் பல பாட்டோடு பிறந்தவை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என ஆட்டங்களுக்கு உரிய பாட்டுகள் இடம்பெறுகின்றன. மாணிக்கவாசகர் மகளிர் ஆட்டப்பாட்டுகளின் வடிவங்களையே தம் பத்திமைப் பாடல்களுக்கு எடுத்துக்கொண்டார். கும்மியில் கை தவறினால் ஓசை குலையும்; கோலாட்டத்தில் கை தவறினால் விரல் முட்டி வீங்கும். சடுகுடுவில் பாடிச் செல்பவரின் மூச்சே கடிகாரம். பாட்டு அறுந்தால் ஆட்டமும் அறுந்தது. உடல் செய்யும் செயலுக்குப் பாட்டு காலம் வகுத்துக் கொடுத்தது என்பதே இவை அனைத்திற்கும் பொதுவான செய்தி.

திரைக்குள் வந்த கட்டம்

கணினித் திரையில் தாவும் ஆட்டங்கள் 1980களிலேயே புகழ்பெற்றன. 1985இல் சப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் அவற்றுள் தலையாயது. அதில் இசை உண்டு. ஆயினும் அது பின்னணியாக ஒலிப்பது. மாரியோ எப்போது தாவ வேண்டும் என்பதை அவ்விசை சொல்வதில்லை. இசையே தாவலை ஆளும் ஆட்டங்கள் பின்னர்த்தான் வந்தன. மசயா மட்சூராவின் நிறுவனம் உருவாக்கி, 1999இல் சப்பானில் வெளியான விப்-ரிப்பன் அவற்றுள் வியப்பானது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக்கோடு, அதன்மேல் நடக்கும் ஒரு முயல், அவ்வளவே காட்சி. ஆடுபவர் தம்மிடமுள்ள இசைத்தட்டு எதனையும் கருவியில் இடலாம். அந்தப் பாட்டிற்கு ஏற்பக் கோட்டில் தடைகள் தாமே முளைக்கும். மெல்லிய பாட்டிற்கு எளிய வழி. விரைந்த பாட்டிற்குக் கடிய வழி. பாட்டு மாறினால் பாதையே மாறும்.

பெருநிறுவனங்களின் துணையின்றி ஒருவரோ ஒரு சிறு குழுவோ தம் முயற்சியில் உருவாக்கும் ஆட்டங்களைத் தனிமுயற்சி ஆட்டங்கள் எனலாம். இளைஞர் வழக்கில் இண்டி கேம். 2009இல் வெளியான இம்பாசிபிள் கேம் அத்தகையது. ஒரு சதுரம் தானே முன்னோக்கி ஓடும். முக்கோண முள்களைக் கண்டால் தாவ வேண்டும். 2010இல் வெளியான பிட்.டிரிப் ரன்னர் ஆட்டத்தில் ஓடுபவர் வழியிலுள்ள பொருள்களை எடுக்க எடுக்க இசையோடு சுரங்கள் சேர்ந்துகொள்ளும். 2013 ஆகத்தில், அதாவது ஆகஸ்டு மாதத்தில், இராபர்ட் டோபலா என்னும் சுவீடன் நாட்டு நிரலாளர் ஜியாமெட்ரி டேஷ் என்னும் ஆட்டத்தைக் கைப்பேசிகளுக்காக வெளியிட்டார். தமிழ்நாட்டு மாணவர் பலர் இவ்வகையில் முதலில் அறிந்தது இதனையே. ஆகவே எஞ்சிய விளக்கங்களுக்கு இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இடமே காலம்

ஜியாமெட்ரி டேஷில் ஆடுபவர் செய்யக்கூடிய செயல் ஒன்றே ஒன்று: திரையைத் தொடுதல். தொட்டால் சதுரம் தாவும். நில், திரும்பு, மெதுவாகச் செல் என்னும் உரிமைகள் எவையும் இல்லை. முள்ளில் பட்டாலோ சுவரில் மோதினாலோ சதுரம் சிதறிவிடும், பாட்டு நின்றுவிடும், நொடிப்பொழுதில் தொடக்கத்திலிருந்து மீண்டும் பாட்டும் ஓட்டமும் தொடங்கும். இடையிடையே மஞ்சள் வளையங்கள் வானில் மிதக்கும். அவற்றைக் கடக்கையில் தொட்டால் அந்தரத்திலேயே மற்றொரு தாவல் கிட்டும். சில வாயில்களைக் கடந்தால் சதுரம் பறக்கும் கலமாக மாறும். சிலவற்றைக் கடந்தால் ஈர்ப்பே தலைகீழாகும்.

நிற்க இயலாது என்பதில்தான் இவ்வாட்டத்தின் உயிர் இருக்கிறது. வேகம் வரையறுக்கப்பட்டிருப்பதால், சதுரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் பாட்டு எந்த நொடியில் இருக்கிறது என்பதும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். நிமிடத்திற்கு 160 அடிகள் கொண்ட ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு அடிகளுக்கு இடைப்பட்ட காலம் 60 ÷ 160 = 0.375 நொடி. சதுரம் நொடிக்குப் பத்துக் கட்டம் நகர்வதாகக் கொண்டால், ஒவ்வோர் அடிக்கும் அது 3.75 கட்டம் கடக்கும். 3.75 கட்டத்திற்கு ஒரு முள் நட்டால், பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முள் வந்து நிற்கும். பாட்டில் ஓரடி ஓய்வு வந்தால் அங்கே வெறும் தரையை விட்டுவிடலாம். மத்தள ஒலி இரட்டித்தால் இரட்டை முள் வைக்கலாம். ஆகவே இவ்வாட்டத்தின் பாதை என்பது தரையில் எழுதப்பட்ட பாட்டே. இசை தெரிந்தவர் தாளக் குறிப்பைப் படிப்பதுபோல, இப்பாதையைப் படித்தே பாட்டின் நடையை ஓரளவு சொல்லிவிட முடியும்.

இந்தப் பாட்டுகள் யாருடையவை என்பதும் கருதத்தக்கது. முதல் நிலையாகிய ஸ்டீரியோ மேட்னஸ் முதலாகப் பல நிலைகளின் இசை, நியூகிரவுண்ட்ஸ் என்னும் இணையத்தளத்தில் தனிக்கலைஞர்கள் வெளியிட்ட மின்னிசையாகும். நார்வே நாட்டைச் சேர்ந்த, வாட்டர்ஃபிளேம் என்னும் புனைபெயர் கொண்ட இசைஞர் அவர்களுள் ஒருவர். உலகின் ஒரு மூலையில் ஒருவர் தம் அறையிலமர்ந்து அமைத்த இசைக்கு வேறொரு மூலையில் கோடிக்கணக்கான விரல்கள் தாளம் போட்டன.

கண்ணை முந்தும் காது

முள்ளைக் கண்டபின் தாவுவோம் என்று இருப்பவர் இவ்வாட்டத்தில் நெடுந்தொலைவு செல்வதில்லை. காரணம் உடலியலில் இருக்கிறது. கண்ணால் ஒன்றைக் கண்டு விரல் அசைய ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் சதுரம் இரண்டு கட்டம் கடந்துவிடும். ஒலிக்கு விரல் அசைவது இதைவிடச் சற்று விரைவு. ஆயினும் அதுவும் தாமதமே. எனவே வருவதற்கு முன்பே வருவதை அறிந்திருக்க வேண்டும். அந்த முன்னறிவைத் தருவதே தாளம்.

சீராக ஒலிக்கும் தாளத்திற்கு ஏற்ப விரலால் தட்டுமாறு ஒருவரிடம் கூறினால், அவர் ஒலி கேட்டபின் தட்டுவதில்லை. பெரும்பாலும் ஒலிக்குச் சில பத்து மில்லிநொடி முன்பாகவே தட்டுகிறார் என்பதை உளவியல் ஆய்வுகள் கண்டுள்ளன. இசைப்பயிற்சி உடையவரிடம் இவ்விடைவெளி குறைவு. அடுத்த அடி எப்போது வரும் என்பதை மூளை கணித்து, விரலை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது என்பது இதன் பொருள். கோலாட்டத்தில் எதிரில் நிற்பவரின் கோல் வந்தபின் கோலை உயர்த்துபவர் யாரும் இல்லை. இருவர் கோலும் ஒரே கணத்தில் ஓரிடத்தைச் சேர்வதற்குக் காரணம் கண்ணன்று. இருவரும் கேட்கும் பாட்டு.

இங்கே நடைமுறைச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடலாம். புளூடூத் காதணிகளில் ஒலி காதை அடையச் சற்றுத் தாமதமாகும். பாட்டு மட்டும் கேட்பவர் இதனை உணர்வதில்லை. தாவுபவரோ, பழகிய இடத்திலேயே மீண்டும் மீண்டும் விழுவார்; தம் விரலைக் குறை கூறுவார். கம்பி இணைத்த காதணியை மாட்டினால் குறை தீர்ந்துவிடும்.

துள்ளல் என்னும் ஓசை

எழுத்தின் ஒலிப்புக் காலத்தைத் தமிழ் இலக்கணம் மாத்திரையால் அளக்கிறது. மாத்திரைக்கு அளவு, இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் என்கிறது தொல்காப்பியம். கருவி எதுவும் இல்லாத காலத்தில், எவரிடமும் இருக்கும் கண்ணையும் விரலையும் அளவுகோலாக வைத்த நுட்பம் போற்றத்தக்கது. திரையாட்டமும் இதே அளவுகோல்களில்தான் நடக்கிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது. கண்ணிமைக்கும் நேரத்தில் சதுரம் சிதறுகிறது. விரல் நொடிக்கும் நேரத்தில் தப்புகிறது.

நால்வகைப் பாக்களுக்கும் ஓசை வகுத்த நம் முன்னோர், வெண்பாவிற்குச் செப்பலும் ஆசிரியப்பாவிற்கு அகவலும் வஞ்சிப்பாவிற்குத் தூங்கலும் உரிமையாக்கினர். கலிப்பாவின் ஓசைக்குத் துள்ளல் என்றே பெயரிட்டனர். கன்று துள்ளினாற்போல ஓசை இடையிடையே உயர்ந்து குதிப்பதால் அப்பெயர் என்பர். இத்துள்ளல் எங்கிருந்து வருகிறது? தேமாங்காய் தேமாங்காய் என்று இருமுறை சொல்லிப் பாருங்கள். காய்ச்சீரை அடுத்து நேரசை வருகிறது. இது வெண்சீர் வெண்டளை. ஓசை தளர்வின்றி ஒழுகிச் செல்கிறது. இனித் தேமாங்காய் கருவிளங்காய் என்று சொல்லிப் பாருங்கள். காயின் நெடிலில் நீண்டு நின்ற ஓசை, அடுத்து வரும் ‘கரு’ என்னும் நிரையசையின் இரு குறில்களில் சட்டென்று இரட்டிக்கிறது. இது கலித்தளை. ‘தே’ என்னும் நெடிலுக்கு இரண்டு மாத்திரை. ‘கரு’ என்னும் இரு குறில்களுக்கும் சேர்த்து இரண்டு மாத்திரை. காலம் ஒன்றே, அதனுள் அடங்கிய தட்டுகள் மட்டும் இரண்டாயின. நீண்ட ஒரு தாவலை அடுத்து இரட்டை முள் வைக்கும் ஆட்ட வடிவமைப்பாளரும் இதனையே செய்கிறார். அவருக்குக் கலித்தளை என்னும் பெயர் தெரியாது. அதனால் குறைவொன்றும் இல்லை.

செய்யுளியலில் சொல்லப்படும் இருபது வண்ணங்களுள் முடுகு வண்ணம் விரைவிற்குப் பெயர்பெற்றது. சந்தத்தின் விரைவையும் திருப்பத்தையும் உச்சத்திற்குக் கொண்டுசென்றவர் பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர். திருப்புகழ் பாடக் கற்பவர் படும் பாட்டைக் கேட்டவர்க்கு ஒன்று விளங்கும். விரைந்த சந்தத்தில் நாக்கு ஓரிடத்தில் தடுக்கினால், அடுத்த சொல்லைப் பிடிக்க முடியாது. அடியைத் தொடக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். ‘முயற்சி 2’ என்று திரை காட்டாதது ஒன்றே வேறுபாடு.

தோல்வியின் கணக்கு

ஜியாமெட்ரி டேஷ் ஒவ்வொரு முறையும் இது எத்தனையாவது முயற்சி என்பதைத் திரையில் எழுதிக் காட்டும். எத்தனை விழுக்காடு தொலைவு கடந்தோம் என்பதையும் காட்டும். நூறு முறை விழுந்தேன், இருநூறு முறை விழுந்தேன் என்று மாணவர்கள் தம்முள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. தேர்வில் ஒருமுறை தவறினால் முகம் காட்டத் தயங்கும் அதே மாணவர், இங்கே தவற்றின் எண்ணிக்கையை மறைப்பதில்லை. ஏன் இவ்வளவு தோல்வி நேர்கிறது என்பதைக் கணிதம் அழகாக விளக்குகிறது.

ஒரு நிலையில் 50 தாவல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு தாவலைச் சரியாகச் செய்யும் நிகழ்தகவு 0.9 என்றால், ஐம்பதையும் தொடர்ந்து சரியாகச் செய்யும் நிகழ்தகவு 0.9இன் ஐம்பதாம் அடுக்கு. அது ஏறத்தாழ 0.005. இருநூறு முயற்சிக்கு ஒருமுறையே முழுமை கிட்டும். நிகழ்தகவு 0.95 ஆனால் பதின்மூன்று முயற்சிக்கு ஒருமுறை வெல்லலாம். 0.99 ஆனால் ஐந்தில் மூன்று முறை வெல்லலாம். தொண்ணூறு மதிப்பெண் எடுப்பவருக்கும் தொண்ணூற்றொன்பது எடுப்பவருக்கும் ஒரு தாவலில் பெரிய வேறுபாடு தெரியாது. ஐம்பது தாவல் தொடர்ந்தால் அவ்வேறுபாடு மலையாகிவிடுகிறது. மிருதங்கம் பயில்பவரும் சூளைக்கு வண்டி வண்டியாக அகல் வார்ப்பவரும் இக்கணக்கைத் தம் கையாலேயே அறிந்திருப்பர்.

இக்கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் சராசரியாக 20 நொடி நீடித்தால், 200 முயற்சிக்கு 4000 நொடி. அதாவது ஒரு மணி 6 நிமிடம் 40 நொடி. விழுந்தவுடன் ஆட்டம் தானே மீண்டும் தொடங்கிவிடுவதால், இந்நேரம் சென்றது ஆடுபவருக்குத் தெரிவதில்லை. பாண்டியில் ஆட்டம் போனால் ஒதுங்கி நிற்க வேண்டும். அடுத்தவர் ஆடி முடிக்கும்வரை மூச்சு வாங்கலாம், வீட்டில் அழைப்பதும் காதில் விழும். திரையாட்டத்தில் அந்த ஒதுங்கல் இல்லை. படிப்பையும் உறக்கத்தையும் பின்தள்ளி, தீங்கு நேர்ந்தும் நிறுத்த இயலாத நிலையை உலக நலவாழ்வு அமைப்பு நோய்ப் பகுப்பின் பதினொன்றாம் பதிப்பில் ஒரு கோளாறாகச் சேர்த்துள்ளது. அப்பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆடுபவர் அனைவரும் அந்நிலையை அடைவதில்லை. எனினும் நேரத்தைக் காட்டாத ஆட்டத்திற்கு முன், நேரம் பார்க்கும் பொறுப்பு ஆடுபவருடையதே. பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டங்கள் வேறு வகை. அவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கடிவது முறையன்று.

ஆட்டத்தில் பயிற்சி முறை என ஒன்று உண்டு. அதில் வழியிடையே பச்சைக் குறிகளை நட்டுக்கொள்ளலாம். விழுந்தால் அங்கிருந்தே தொடரலாம். ஆனால் நெடுங்காலம் அம்முறையில் அந்நிலைக்கு உரிய பாட்டு ஒலிக்கவில்லை. பொதுவான வேறோர் இசையே ஒலித்தது. பாதையின் நடுவில் தொடங்கினால் பாட்டையும் நடுவிலிருந்து பொருத்த வேண்டும் அன்றோ? ஆகவே பயிற்சி முறையில் தேறியவர், உரிய பாட்டோடு ஆடும்போது மீண்டும் தடுமாறினார். பாதையைக் கற்றிருந்தார், பாட்டைக் கற்கவில்லை. பரதம் பயில்வோர் சொற்கட்டை வாயால் சொல்லித் தாளம் போட்டபின்னரே காலால் ஆடுவர். அங்கே பாட்டு முதலில், பாதம் பின்னர். எது நல்ல முறை என்பதற்குத் தடுமாறியவரே சான்று.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். மங்கலம்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணை, மாலை நேரம். பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் திறன்பேசியில் ஆடிக்கொண்டிருக்கிறான். அருகில் அவன் ஆயா முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருக்கிறார்.

“என்னடா, பாட்டு அதே எடத்துல நின்னு நின்னு போவுது?”

“அங்கதான் ஆயா ரெண்டு முள்ளு சேந்தாப்புல வருது. எப்புடி ஆடுனாலும் செத்துப் போறேன்.”

“அந்த எடத்துல தாளம் மாறுதுல்ல? மாறுனப்புறம் தூக்குனா எப்புடி? மாறப் போறப்பவே காலத் தூக்கிடணும். கும்மியில திரும்பறப்போ அப்புடித்தான்.”

“கால் இல்ல ஆயா, வெரலு.”

“எதுவா இருந்தா என்ன?”

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தார். கும்மி அடித்த கைக்குத் திருப்பம் வருமுன் தெரிந்துவிடுகிறது. அவ்வறிவு அவர் பெயரன் கையில் உள்ள கருவிக்கும் பொருந்துகிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கும்மி வட்டத்தில் ஒருத்தி தடுமாறினால் அடுத்தவள் கைபார்த்துச் சேர்ந்துகொள்வாள். பாண்டியில், சில்லைத் தாங்கி முகத்தை மேலே நிமிர்த்திக் கட்டம் கட்டமாக நடப்பவர், ஒவ்வோர் அடிக்கும் “சரியா?” என்று கேட்பார், சுற்றி நிற்பவர்கள் பார்த்துச் சொல்வார்கள். எதிராளியின் வாய்ச்சொல்லை நம்பியே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். மிதித்தாய், மிதிக்கவில்லை என்று பூசலும் வரும். பேசித் தீர்ந்து ஆட்டம் தொடரும். திரையில் தீர்ப்புச் சொல்வது நிரல். அது பொய் சொல்வதில்லை. அதனோடு வாதிடவும் இயலாது. தனியே இருப்பவர்க்கும், தெருவில் இறங்கி ஆட முடியாதவர்க்கும், காலால் தாவ இயலாதவர்க்கும் திரை ஒரு களம் தருகிறது என்பது மெய். நம்பவும் பூசலிடவும் ஓர் ஆளை அது தருவதில்லை என்பதும் மெய்.

தெரிந்து தெளிவோம்

வெண்பா என்னும் பெயரில் ஒரு தனிமுயற்சி ஆட்டம் 2023 சூலையில் வெளிவந்தது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு அதனை உருவாக்கியது. 1980களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. வெண்பா என்பது அக்குடும்பத் தலைவியின் பெயர். சிதைந்துபோன தாயின் சமையற் குறிப்பேட்டிலிருந்து இட்டலி, புட்டு முதலிய உணவுகளைச் செய்யும் முறையை ஆடுபவர் மீட்டெடுக்க வேண்டும். அது தாவும் ஆட்டமன்று. எனினும் சமைக்கும்போது வானொலியில் தமிழ்த் திரையிசையை நினைவூட்டும் பாட்டுகள் ஒலிக்கும். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா ஆட்ட விருதுகளில் சிறந்த முதற்படைப்பிற்கான விருதினை அது பெற்றது.

கட்டம் வரைபவர்

பாண்டியில் முதலில் கரிக்கட்டியோ சுண்ணத்துண்டோ எடுத்துக் கட்டம் வரைபவர் ஒருவர் இருப்பார். எத்தனை கட்டம், எவ்வளவு அகலம் என்பதை அவரே முடிவு செய்வார். ஆடுவதைவிட அது பெரிய வேலை. கட்டம் சிறிதானால் சிறுவர் ஆட முடியாது; பெரிதானால் ஆட்டத்தில் சுவை இராது.

ஜியாமெட்ரி டேஷ் இவ்வேலையையும் ஆடுபவர் கையில் கொடுத்தது. ஆட்டத்தோடு இணைந்த நிலையாக்கக் கருவியால் எவரும் தாமே பாதை அமைத்துப் பிறர் ஆட வெளியிடலாம். இவ்வாறு இலட்சக்கணக்கான நிலைகள் உலகெங்கும் உருவாகியுள்ளன. 2017 சனவரிக்குப் பின் அடுத்த பெரும் பதிப்பு 2023 டிசம்பரில்தான் வந்தது. ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆசிரியர் புதிதாக எதுவும் பெரிதாகத் தராதபோதும் அவ்வாட்டம் வாழ்ந்ததற்குக் காரணம், ஆடியவர்களே வரைபவர்களாயும் இருந்ததுதான். ஒரு கட்டுப்பாடும் அங்கே உண்டு. தாம் அமைத்த நிலையைத் தாமே ஒருமுறை முழுதும் ஆடிக் காட்டினால்தான் அதனை வெளியிட இயலும். தன்னால் தாண்ட முடியாத கட்டத்தைப் பிறருக்கு வரையாதே என்னும் இவ்விதி, வினாத்தாள் அமைப்போர் உட்படப் பலருக்கும் பயன்படும்.

வெளிவந்த நிலைகளின் இசையைக் கேட்டால் ஒன்று புலப்படும். மிகப் பெரும்பாலானவை நான்கடி நடையில், நம் வழக்கில் சதுசிர நடையில் அமைந்தவை. நம் இசை மரபோ திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீரணம் என மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் எண்ணிக்கைகளில் நடை போடுவது. மிசிர நடையில் ஒரு பாதை எப்படி இருக்கும்? தகிட தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். மூன்றும் நான்குமாக ஏழு. ஒவ்வோர் ஏழின் தலையிலும் ஓர் உயர்ந்த முள். நான்காம் எண்ணில், ‘தகதிமி’ தொடங்கும் இடத்தில், ஒரு சிறிய முள். நான்கடிக்குப் பழகிய விரல் மூன்றாம் எண்ணுக்குப் பின் ஒன்றைக் கூடுதலாக எதிர்பார்த்து ஏமாறும். உலகின் கைதேர்ந்த ஆட்டக்காரரும் முதல் முயற்சியில் அங்கே விழக்கூடும். தவில் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை ஒருவேளை விழாமல் கடக்கலாம்.

அத்தகைய பாதையை வரைய நிரலெழுதத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. கோடிட்ட ஏட்டில் ஏழேழு கட்டமாகப் பிரித்து, அடி விழும் இடத்தில் முக்கோணம் இட்டாலே முதல் வரைவு ஆகிவிடும். ஒருவர் தாளம் போட, மற்றொருவர் பென்சில் முனையால் முக்கோணங்களைத் தாண்டிச் செல்லலாம். தரையில் வரைந்தால் ஒற்றைக் காலாலும் தாண்டலாம். அப்போது சில்லு ஒன்று தேவைப்படும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பாண்டி ஆட்டம் எப்பெயரால் வழங்குகிறது? கட்டங்களின் அமைப்பையும் விதிகளையும் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டுப் படத்துடன் எழுதுக.

2. தேமாங்காய் புளிமாங்காய், கூவிளங்காய் கருவிளங்காய், தேமாங்காய் கூவிளங்காய் ஆகியவற்றைத் தாளமிட்டுச் சொல்லி, எவ்வெவற்றில் துள்ளலோசை பிறக்கிறது என்பதைத் தளையுடன் விளக்குக.

3. நிமிடத்திற்கு 120 அடிகள் கொண்ட பாட்டிற்கு, நொடிக்குப் பத்துக் கட்டம் நகரும் ஆட்டத்தில் முள்கள் எத்தனை கட்ட இடைவெளியில் அமைய வேண்டும்? கண்ட நடையில் எட்டுச் சுற்றுக்கு ஒரு பாதையை ஏட்டில் வரைந்து, வகுப்பில் ஒருவரை ஆடச் செய்க. வரைந்தவர் முதலில் தாமே ஆடிக் காட்டுதல் வேண்டும்.